குலோத்துங்கன் காது, முதல் அச்சு

“ஜப்பான் அச்சில் டிரம்மின் தோல் கேட்கிறது. மேற்கு ஜெர்மனி அச்சில் தோலுக்குப் பின்னால் இருக்கும் காற்று கேட்கிறது. அமெரிக்க ரீமாஸ்டரில் டிரம் அடிப்பவரின் வீட்டுத் தகராறு மட்டும்தான் கேட்கிறது.”

‘கிரேவ் டிராக்டர்’ என்ற குழுவின் ‘மார்ச்சுவரி அல்மனாக்’ என்ற ஆல்பத்தைப் பற்றிக் குலோத்துங்கன் எழுதிய இந்த வாசகத்தை, தென்னிந்திய ஹெவி மெட்டல் குறுந்தகடு ஒப்பாய்வு மன்றத்தின் உறுப்பினர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எழுப்பிய ஆளையும் உட்காரவைத்து விளக்குவார்கள். ஒரே பாட்டு, ஒரே ஆட்கள், ஒரே கூச்சல். ஆனாலும் எந்த நாட்டுத் தொழிற்சாலையில், எந்த வருஷம் தகடாக அச்சடித்தார்கள், பின்னாளில் யார் ஓசையைத் திருத்தி ‘ரீமாஸ்டர்’ செய்தார்கள் என்பதைப் பொறுத்து ஓசை மாறும் என்பது மன்றத்தின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கை இல்லாதவர்களை மன்றத்தில் ‘பொதுமக்கள்’ என்று குறிப்பிடுவது வழக்கம்.

பொதுமக்கள் சிடியை மறந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. மன்றம் மறக்கவில்லை. வில்லிவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், கீழே வளைகாப்போ காதுகுத்தோ நடந்துகொண்டிருக்க, அறுபதை நெருங்கியவர்களும் தாண்டியவர்களும் கறுப்பு பனியன் அணிந்து கூடுவார்கள். பனியனில் மண்டையோடு அச்சடித்திருக்கும். தொப்பையின் மேல் இழுபட்டதில் மண்டையோடுகள் எல்லாமே சிரித்த முகமாக இருக்கும். இசைக்கேற்பத் தலையை உலுக்கும் பழக்கத்தை, உறுப்பினர்களின் கழுத்தெலும்பை உத்தேசித்து, விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

குலோத்துங்கன் தலைவர். குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குழாய்க் கசிவைக் காதால் கண்டுபிடித்த மனிதர் என்று ஒரு கதை உண்டு. அதைப் பரப்பியவரும் அவரே. மன்றத்துக்கு அவர் கொடுத்த பெரிய கொடை ‘காணாக் கேள்வி’ என்ற முறை. கேட்பவன் தகட்டைக் கண்ணால் பார்க்கவும் கூடாது, கையால் தொடவும் கூடாது. தகட்டைப் பார்த்த கண், காதுக்குக் கோள் சொல்லிவிடும் என்பது அவர் வாதம். சரி, தகட்டை யார் போடுவது? உறுப்பினர்களை நம்ப முடியாது, எட்டிப் பார்த்துவிடுவார்கள். இசையே பிடிக்காத, ஆகவே நடுநிலை தவறாத ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் குலோத்துங்கனின் வீட்டிலேயே இருந்தார்: அவர் மனைவி தையல்நாயகி.

மன்றத்திலும் வீட்டிலும் நாயகிதான் தகடு போடுவாள். கொரட்டூர் வீட்டின் பின்னறையில் திரைக்கு அந்தப் பக்கம் அலமாரியும் சிடி பிளேயரும். இந்தப் பக்கம் நாற்காலியும் குலோத்துங்கனும். தகட்டைத்தான் பார்க்கக் கூடாதே தவிர, எந்த அச்சு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பதில் தவறில்லை என்று ஒரு துணைவிதி இருந்தது. இதனால் முறையின் மொத்த நோக்கமும் அடிபடுகிறதே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. விதியை எழுதியவர் தலைவர்.

“ஜப்பான் போடு” என்பார்.

திரைக்கு அந்தப் பக்கம் நாயகி ஏதோ சொல்வாள்.

“சரி, சரி. போடு” என்பார் குலோத்துங்கன். தோல் கேட்க ஆரம்பிக்கும்.

இப்படி இருக்கையில்தான் கோயம்புத்தூரிலிருந்து ‘செவிவழி’ கம்பெனியின் பொறியாளர் தேன்மொழி வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு தொப்பி.

“வணக்கமுங்க சார். உங்க காதை அச்செடுத்துக்கலாம்னு வந்திருக்கறோம்.”

“காதையா?”

“கேக்கறதுங்கறது காதுல நடக்கறதில்லீங்க சார், மண்டைக்குள்ள நடக்குது. ஒரே மழைச் சத்தம்தான். விவசாயி ஒரு மாதிரி கேப்பாரு, கூரை ஒழுகறவரு வேற மாதிரி கேப்பாரு. எதை முன்னால தள்ளறது, எதைப் பின்னால தள்ளறதுன்னு அவங்கவங்க மூளை பழகி வச்சிருக்குது. அந்தப் பழக்கத்தை இந்தத் தொப்பி படிச்சுக்கும். அதை ஒரு சின்னக் காதுக்கருவிக்குள்ள போட்டு விப்போம். மாட்டிக்கிட்டவங்களுக்கு உலகம் உங்களுக்குக் கேக்கற மாதிரியே கேக்கும்.”

“உலகம் பூராவுமா?”

“கழட்டற வரைக்கும் பூராவும்தானுங்க. கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு காது எடுத்தாச்சு. கிரிக்கெட் கேக்கறதுக்குக்கூட எடுத்திருக்கறோம். மெட்டலுக்கு யாருன்னு விசாரிச்சா, எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க.”

குலோத்துங்கன் அடக்கமாக ஜன்னலைப் பார்த்தார். எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கவில்லை. பதிலாக, “மாசிலாமணியைப் பார்த்தீங்களா?” என்றார். மாசிலாமணி துணைத் தலைவர். பிரேசில் அச்சே சிறந்தது என்ற பிரிவினைவாதத்தின் தலைவரும்கூட.

“அவரும் உங்களைத்தான் சொன்னாரு. கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டாருங்க.”

அந்த வாரம் முழுக்கக் குலோத்துங்கன் தொப்பியுடன் பின்னறையில் உட்கார்ந்தார். நாயகி தகடு தகடாகப் போட்டாள். நடுநடுவே ஏதோ சொன்னாள். தொப்பி எல்லாவற்றையும் படித்துக்கொண்டது.

‘குலோத்துங்கன் காது’ வெளிவந்த அன்று அவருக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. அவர் யாரிடமும் சொல்லாத ஒரு பயம் அவருக்குள் இருந்தது. தோலும் காற்றும் பற்றித் தான் எழுதியதெல்லாம் உண்மையில் கேட்டதா, அல்லது எழுத எழுதத்தான் கேட்க ஆரம்பித்ததா என்பது அவருக்கே நிச்சயமில்லை. ஊரெல்லாம் அவர் காதை மாட்டிக்கொண்டு, “இதுல ஒண்ணும் விசேஷமா கேக்கலையே” என்று சொல்லிவிட்டால்?

மாசிலாமணிதான் முதலில் போன் செய்தார்.

“தலைவரே, மன்னிச்சிடுங்க. இத்தனை வருஷம் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். என்னா ஒரு இதம்! கிட்டார் கீச்சுன்னு மேல போவுமே, பல்லு கூசுமே, அந்த இடத்துல அப்படியே வெல்வெட் போட்டுத் துடைச்ச மாதிரி இருக்கு. நடுவுல ஒரு அமைதி, தலைவரே. கோயில்ல கூட்டம் இல்லாத நேரத்துல நிக்கிற மாதிரி ஒரு அமைதி.”

மாசிலாமணி மட்டும் சொல்லவில்லை. நார்வேயில் சொன்னார்கள், ஒசாகாவில் சொன்னார்கள். நடு அலைவரிசையில் அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாட்டின் தட்பவெப்பம் என்றார் ஒருவர். பல தலைமுறைகளாக நாதஸ்வரத்துக்கு அருகில் உட்கார்ந்து சாப்பிட்டதால் வந்த பக்குவம் என்றார் இன்னொருவர். வாங்கியவர்கள், முக்கியமாக ஆண்கள், இசை முடிந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. அலுவலகத்துக்கு மாட்டிக்கொண்டு போனார்கள். வீட்டிலும் மாட்டியிருந்தார்கள். வீட்டில்தான் அதன் இதம் பூரணமாகத் தெரிகிறது என்று பலர் எழுதினார்கள். ஏன் என்று அவர்களுக்கும் புரியவில்லை. மனசு லேசாக இருக்கிறது என்றார்கள்.

குலோத்துங்கனுக்கு ஒரு நடை வந்தது. காதுகளை முன்னால் விட்டு, உடம்பு பின்னால் வருகிற மாதிரியான நடை. குளிர்காலத்தில் மப்ளர் கட்ட ஆரம்பித்தார். அது சென்னைக் குளிர்காலம் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

தேன்மொழி மறுபடி வந்தபோது சிரிக்கவில்லை.

“சார், ஒரு பிரச்சினைங்க. ஒரு ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர் ஒருத்தர் உங்க காதை மாட்டிக்கிட்டே ஆபரேஷனுக்குப் போயிருக்காரு. நர்சம்மா ‘அந்தக் கால் இல்லீங்க டாக்டர், இந்தக் கால்’னு கத்தியிருக்காங்க. அவருக்குக் கேக்கவே இல்லை. நல்லா இருந்த முட்டியைக் கிழிச்சுப் போட்டுட்டாரு. ஒரு ஸ்கூல்ல ஹெட்மாஸ்டருக்கு ரெண்டு டீச்சருங்க பேசறது மட்டும் கேக்க மாட்டேங்குது. புகார் வந்துட்டே இருக்குதுங்க. எல்லாப் புகாரும் பொம்பளைங்ககிட்ட இருந்துதான் வருது. மாட்டியிருக்கற ஆளுங்க ஒருத்தர்கூடக் குறை சொல்லலை.”

“கருவியில கோளாறா இருக்கும்” என்றார் குலோத்துங்கன்.

“அதைத்தான் பாக்கறேன்” என்று அவள் தன் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, வீட்டுச் சத்தங்களைக் கூர்ந்து கேட்டாள். மின்விசிறி கேட்டது. தெருவில் பழைய இரும்பு வாங்குபவர் கேட்டார். குலோத்துங்கன் தன் அடுத்த கட்டுரையைப் பற்றிச் சொன்னது தெளிவாகவே கேட்டது.

நாயகி சமையலறையிலிருந்து வந்து, தேன்மொழியைப் பார்த்து ஏதோ சொன்னாள். தேன்மொழி கருவியில் கவனமாக இருந்தாள். நாயகி மறுபடி சொன்னாள். பிறகு அவள் தோளைத் தொட்டாள். தேன்மொழி திடுக்கிட்டுத் திரும்பினாள். நாயகியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

தேன்மொழி மெதுவாகக் கருவியைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

“அக்கா, பேசிட்டே இருங்க. எதையாவது பேசுங்க.”

நாயகி பேசினாள். இரண்டு வீடு தள்ளி யாரோ ஜன்னலைத் திறந்து, “என்னா நாயகி?” என்று கேட்டார்கள். அவ்வளவு கணீரென்ற குரல். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தபோது, மைக் இல்லாமலே டோக்கன் எண் கூப்பிட்டவள் அவள்.

“சார்” என்றாள் தேன்மொழி. “உங்க காதுல ஒரு பள்ளம் இருக்குதுங்க.”

“பள்ளமா?”

“அக்கா குரலோட அளவெடுத்து வெட்டின மாதிரி ஒரு பள்ளம். உங்க காதுல கோளாறில்லீங்க. மூளை இந்த ஒரு குரலுக்குக் கதவைச் சாத்தி வச்சிருக்குது. ரொம்ப வருஷமா சாத்திச் சாத்திப் பழகியிருக்கோணும். கிட்டார் கீச்சுங்கற இடமும் அதே சுருதி, அதனால அதுவும் சேந்து அமுங்கிடுது. அந்த நர்சம்மா, அந்த டீச்சருங்க, எல்லாரும் அக்கா மாதிரியே பேசறவங்க.” அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். “வெல்வெட்னாங்களே, கோயில்னாங்களே, உலகம் பூரா கொண்டாடறாங்களே சார், அந்த இதம் இதுதானுங்க. அக்கா பேசறது கேக்காததுதான் அந்த இதம்.”

குலோத்துங்கன் மனைவியைப் பார்த்தார். அவள் ஏதோ சொன்னாள். அவருக்கு ஒரு ரீங்காரம் மட்டும் வந்தது, பக்கத்து அறையில் டிவி ஓடுகிற மாதிரி. இத்தனை காலமும் இப்படித்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் குறைவாகப் பேசுகிற பெண் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்!

“என்ன சொல்றா?” என்று தேன்மொழியிடம் கேட்டார்.

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று அந்தப் பெண் எதிர்பார்த்திருக்க மாட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அக்கா என்ன சொல்றாங்கன்னா... தனக்குச் சந்தேகம் இருந்துச்சுன்னு சொல்றாங்க. பொண்ணு போன் பண்ணா நீங்க பேசறீங்களாம், பால்காரரு கூப்பிட்டா எந்திரிச்சுப் போறீங்களாம், மெஷினுக்குள்ள காத்து போறதுகூட உங்களுக்குக் கேக்குதாம். அதனால அவங்களையே அவங்க டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டாங்களாம், தன் குரல்ல ஏதாவது குறையான்னு.”

குலோத்துங்கன் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கம்பெனியில என்ன சொல்றாங்கன்னா,” என்று தேன்மொழி தொடர்ந்தாள், “அந்த முட்டிக் கேஸுக்கு அப்புறம் அரசாங்கம் சும்மா விடலீங்க. பள்ளம் இல்லாத புதுக் காது ஒண்ணு வெளியிட்டாகோணும். இரண்டாவது அச்சு. பள்ளம் மூடோணும்னா ஒரே வழிதான். நீங்க அக்கா முன்னால உக்காந்து, அவங்க பேசறதைக் கேட்டுப் பழகோணும்.”

“புது அச்சுல அந்த இதம் இருக்குமா?”

“இருக்காதுங்க சார்.”

“அப்ப அதைக் கேட்டுட்டு மன்றத்துல என்ன சொல்வாங்க?”

பதிலை நாயகி சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“ஓசூருக்கு, மக வீட்டுக்குப் போறேன்னு சொல்றாங்க” என்றாள் தேன்மொழி தாழ்ந்த குரலில். “நீங்க உக்காந்து கேக்கறதா இருந்தா இருப்பாங்களாம். இல்லைன்னா, காது கேக்கற ஊருக்குப் போறாங்களாம்.”

குலோத்துங்கன் அன்று முழுக்க இரண்டையும் எடை போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் நார்வே, ஒசாகா, மப்ளர். தலைவர் பதவி. இத்தனை வருஷம் கட்டியெழுப்பிய காது. பள்ளத்தை மூடினால் அந்தக் காது போய்விடும், மாசிலாமணி விடமாட்டார். மறுபக்கம் இந்த வீட்டின் முன்னறையில் ஒரு சூட்கேஸ் வந்து நின்றிருந்தது. அவள் கைகாட்டியதும் அதைப் பரணிலிருந்து முந்தின வாரமே அவரே இறக்கிக் கொடுத்திருந்தார். ஏன் இறக்கச் சொன்னாள் என்று அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

காலையில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நாயகியின் எதிரில் உட்கார்ந்தார்.

தேன்மொழி தொப்பியில் ஒரு சின்ன விளக்கு பொருத்தியிருந்தாள். நாயகி சொல்வது உள்ளே போனால் பச்சை எரியும். கதவு சாத்தினால் அணைந்துவிடும். கணவனின் தலையில் இப்படி ஒரு விளக்கு எரியும் செய்தி அடுக்ககத்தில் பரவி, மூன்றாம் மாடியிலிருந்தும் முதல் மாடியிலிருந்தும் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, தொப்பி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று தேன்மொழியிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

முதலில் விளக்கு எரியவே இல்லை. குலோத்துங்கன் கண்ணை இறுக்கிப் பார்த்தார், மூச்சைப் பிடித்துப் பார்த்தார். கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த உபாயமெல்லாம் தோலையும் காற்றையும் தேடுவதுதான். நாயகியின் குரலில் தோலும் இல்லை, காற்றும் இல்லை. அதில் விஷயம் இருந்தது. பிறகு மினுக் மினுக்கென்று எரிந்தது. ரீங்காரத்தின் நடுவே சொற்கள் வந்து விழுந்தன. “...கரன்ட் ஆபீஸ்...” “...உங்க தங்கச்சி...” “...ரெண்டு தடவை சொல்லிட்டேன்...” ஒரு நாள் ஒரு முழு வாக்கியம் வந்தது. குலோத்துங்கன் எழுந்தே நின்றுவிட்டார்.

“தகடெல்லாம் மாறிப்போச்சுங்க.”

“என்ன மாறிப்போச்சு?”

நாயகி அவர் தலையைப் பார்த்தாள். பச்சை எரிந்தது. அதனால் நிதானமாகச் சொன்னாள்.

“நம்ம வீட்டுக்கு வெள்ளையடிச்சோமே, அப்ப உங்க அலமாரி சாஞ்சு, சிடியெல்லாம் பெட்டியைவிட்டு வெளிய கொட்டிடுச்சு. எல்லாம் ஒரே மண்டையோடு. எது ஜப்பான் எது ஜெர்மனின்னு எனக்கென்ன தெரியும்? கைக்கு வந்த பெட்டியில போட்டு அடுக்கிட்டேன். அன்னைக்கே சொன்னேனே, வந்து பிரிச்சு வைங்கன்னு. ‘சரி, சரி’ன்னீங்க. அப்புறமும் நீங்க ஜப்பான்னு கேக்கறப்போவெல்லாம் சொல்லிட்டுத்தான் போட்டேன், ‘இது ஜப்பானான்னு தெரியலைங்க’ன்னு.”

“வெள்ளையடிச்சது எப்போ?”

“பாப்பா கல்யாணத்துக்கு.”

மகள் பாப்பாவுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். குலோத்துங்கன் மெல்ல உட்கார்ந்தார். தோல், காற்று, வீட்டுத் தகராறு. மாசிலாமணியுடன் நடந்த பிரேசில் விவாதம். மன்றத்தின் ஒரு ஆண்டு மலர் முழுக்க அந்த விவாதம்தான்.

“அப்ப நான் எழுதினதெல்லாம்?”

“நல்லாத்தான் எழுதியிருந்தீங்க” என்றாள் நாயகி. அவள் கேலி செய்யவில்லை.

அவர் சிரிக்க முயன்றார். அவள் தொடர்ந்து பேசினாள். கதவு திறந்துவிட்டதால் எல்லாம் வந்தது, வரிசையில்லாமல் வந்தது. மின்சார மீட்டர், தங்கச்சியின் மனஸ்தாபம், மேல்வீட்டுத் தண்ணீர்க் கசிவு. அதே குரலில், அதே வேகத்தில், இதுவும் வந்தது.

“போன வருஷம் மார்ல ஒரு கட்டி மாதிரி இருந்துச்சு. டெஸ்ட்டுக்குப் போகணும், கூட வாங்கன்னு சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து ‘போடு, போடு’ன்னீங்க. தனியாத்தான் போனேன். ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. அதையும் வந்து சொன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘அருமை, என்ன ஒரு ஆழம்’ன்னீங்க.”

விளக்கு பச்சையாகவே எரிந்தது. அதை அணைக்க வழி இருந்தால் குலோத்துங்கன் அப்போது அணைத்திருப்பார். வழி இல்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சூட்கேஸை அன்று அவரே பரணில் ஏற்றினார். ஏற்றச் சொன்னது கேட்டது.

இரண்டாவது அச்சு தயாரானது. கம்பெனி மேலிடம் பழையதை நிறுத்திவிடும் என்றுதான் தேன்மொழி நம்பினாள். மேலிடம் வேறு மாதிரி யோசித்தது. இரண்டையும் விற்றது. பழையதற்கு ‘ஒரிஜினல்’ என்று பெயர் வைத்து விலையை ஏற்றியது. ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்த வேண்டாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டது. சட்டம் திருப்தியடைந்தது. தேன்மொழி வேலையை விட்டுவிட்டு, விளக்கு வைத்த தொப்பியைத் தனியாகச் செய்து விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பொருளுக்கு இரண்டு அச்சு வந்தால் மன்றம் சும்மா இருக்குமா? சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். பொருள்: குலோத்துங்கன் காது, முதல் அச்சும் இரண்டாம் அச்சும், ஓர் ஒப்பாய்வு. தன் காதைத் தானே அளப்பது முறையல்ல என்பதால், தலைவர் கருவி எதுவும் மாட்டாமல் ஓரமாக உட்கார வேண்டும் என்று மாசிலாமணி விதி கொண்டுவந்தார். முறை, வழக்கம்போல் காணாக் கேள்வி. சிவப்புப் பெட்டியில் ஒரு அச்சு, நீலப் பெட்டியில் இன்னொன்று. எதில் எது என்று தெரிந்த ஒரே ஆள், வழக்கம்போல் நாயகி.

உறுப்பினர்கள் முதலில் சிவப்பை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்கள். ‘மார்ச்சுவரி அல்மனாக்’ முழங்கியது. கீழே சீமந்தத்துக்கு வந்திருந்த குழந்தை ஒன்று பயந்து அழுதது. முகங்களில் அமைதி படர்ந்தது. பிறகு நீலத்தை மாட்டினார்கள். முகங்கள் சுருங்கின.

“மெலிஞ்சு போச்சு” என்றார் ஒருவர்.

“பச்சைத் தகரம். நடுவுல இருந்த வெல்வெட்டை உருவிட்டாங்க.”

மாசிலாமணி எழுந்தார். குரலில் துக்கம், அதற்கு அடியில் கொஞ்சம் சந்தோஷம். “சொல்லவே சங்கடமா இருக்கு. சிவப்புதான் முதல் அச்சு, பச்சைக் குழந்தை சொல்லும். நீலம், ரீமாஸ்டர். நம்ம தலைவர் ஒரு பொக்கிஷத்தை வச்சிருந்தாரு. அதை அவரே நோண்டி நோண்டிக் கெடுத்துக்கிட்டாரு. கெட்டுப்போன காதை வச்சுக்கிட்டு ஒரு மன்றத்துக்குத் தலைவரா இருக்கலாமான்னு அவர் மனசாட்சியைத்தான் கேக்கணும்.”

“மாசிலாமணி அண்ணே” என்றாள் நாயகி, அறையின் நடுவில் நின்று, டோக்கன் கூப்பிட்ட அதே குரலில். “ரெண்டு பெட்டியிலயும் ஒண்ணுதான் இருக்கு. பழசுதான். புதுசை நான் கவரையே பிரிக்கலை.”

யாரும் திரும்பவில்லை. மாசிலாமணி தீர்மானத்தை வாசித்துக்கொண்டே போனார். எல்லார் காதிலும் நீலப் பெட்டிக் கருவி இருந்தது. நாயகி பேசுவதைப் பார்த்தும் கேளாமலிருப்பது மன்றத்தின் நெடுநாள் பழக்கம். இப்போது அதற்கு ஒரு கருவியும் வந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த அறையில் அதைக் கேட்ட ஒரே மனிதர், ஓரத்தில் வெறுங்காதோடு உட்கார்ந்திருந்த குலோத்துங்கன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஒரு வார்த்தை போதும். அவர் குரல் எல்லாருக்கும் கேட்கும். கருவியைக் கழற்றச் சொல்லி, நாயகியைத் திரும்பச் சொல்ல வைத்தால், மாசிலாமணியின் மானம் மாடிப்படியில் உருண்டுவிடும். தலைவர் பதவி கைவிட்டுப் போகாது.

நாயகி அவரைப் பார்த்தாள். “சொல்றதுன்னா சொல்லுங்க. உங்க மன்றம், உங்க இஷ்டம்.”

“தலைவர் ஏதாச்சும் சொல்ல விரும்பறாரா?” என்றார் மாசிலாமணி.

குலோத்துங்கன் எழுந்தார். சிரித்த முகமான மண்டையோடுகள் அவரைப் பார்த்தன. சொன்னால் கழற்றிவிடுவார்கள். கழற்றினால் அவள் பேசுவதை எல்லாரும் கேட்பார்கள். கேட்டுவிட்டு உடனே எதிர்வாதம் செய்வார்கள், விதி எடுத்துக் காட்டுவார்கள், அவள் போட்டதில்தான் தவறு என்று தீர்மானம் போடுவார்கள்.

“தீர்மானத்தை ஏத்துக்கறேன்” என்றார். “மாசிலாமணியே தலைவரா இருக்கட்டும். எனக்குக் காது முன்ன மாதிரி இல்லை.”

கைதட்டல் எழுந்தது. புதுத் தலைவர் கண்கலங்கி, வெற்றியைக் கொண்டாட ஆல்பத்தை முதலிலிருந்து போடச் சொன்னார். எல்லாரும் மறுபடி கண்ணை மூடினார்கள். டிரம் இடித்தது.

நாயகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“கண்ணை மூடிட்டாங்களா? சரி. மாசிலாமணி அண்ணே, நீங்க எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் ‘காத்து கேக்குது, காத்து கேக்குது’ம்பீங்களே, அது ஏசி. பின்வரிசை சண்முகவேல் அண்ணே, நீங்க ரசிக்கலை, தூங்கறீங்க. உங்க குறட்டை டிரம்மைவிட நல்லா தாளத்துல இருக்கு. அப்புறம் உங்க எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு. என் ஃபில்டர் காபியோட டிகாஷனைப் பத்தி ஆளுக்கொரு விமர்சனம் பண்ணுவீங்களே, அது பாக்கெட் இன்ஸ்டன்ட். முதல் நாள்ல இருந்தே.”

மாசிலாமணி மூடிய கண்களுடன் தலையை ஆட்டினார், பரவசமாக. குலோத்துங்கன் கர்ச்சீப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார், தோள்கள் குலுங்கின. பக்கத்தில் இருந்தவர், பதவி போன துக்கம் என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

நாயகி வரிசையாக ஒவ்வொருவரையும் முடித்தாள். யாரையும் விடவில்லை. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“அடுத்தது நீங்க” என்றாள்.

குலோத்துங்கனுக்குச் சிரிப்பு நின்றது. அந்த அறையில் காதில் விழாத மாதிரி இருக்க முடியாத ஒரே ஆள் அவர்தான். நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “ம், ஆரம்பத்துல இருந்து சொல்லு” என்றார்.